கேட்காத மன்னிப்பு

திண்டுக்கல், பேகம்பூர்
14.9.2025

அன்புள்ள இஷாக் அண்ணனுக்கு, தங்கை பாஸிலாவின் ஸலாம். இங்கே நானும், என் வீட்டிலிருந்து எங்கள் கல்லூரிக்கே வருகிற உங்கள் மகள் அஃப்சானாவும் நலம். வத்தலக்குண்டில் மதினி படுக்கையில் கிடக்கிற தன் அத்தாவைப் பார்த்துக்கொண்டு ஒருமாதிரி ஓட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் முதுகுவலி இப்போது தேவலையா?

போன் இருக்கும்போது எதற்கு மெயில் என்று கேட்பீர்கள். ஷார்ஜாவுக்கு வாட்ஸப்பில் பேச முடிவதில்லை. காசு போட்டுக் கூப்பிட்டால் பாதி நேரம் சண்டையில் போய்விடுகிறது. எழுதினால் உங்கள் கோபம் என்னிடம் வந்து சேருவதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கல்லூரியில் எனக்குப் புதுத் தலைவலி ஒன்று. எங்கள் ஆசிரியர் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் வேலையைக் கட்டுவது வழக்கம். போன வாரம் காய்ச்சலில் நான் போகவில்லை. மறுநாள் போனால், ஏஐயைப் பொறுப்பாகப் பயன்படுத்தும் குழுவுக்கு நான்தான் பொறுப்பாளர். குழுவில் வேறு யார் என்று கேட்டேன். "நீங்கதான் மேடம், அம்புட்டுத்தான்" என்றார் முதல்வர். விதிமுறையையும் அந்த ஏஐயையே எழுதச் சொல்லிவிடுங்கள் என்று யோசனை வேறு.

நானே அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் எப்படியும் பயன்படுத்தத்தான் போகிறார்கள். ஆகவே எந்த ஒப்படைப்பிலும் முதல் தாளில், இந்த இடத்தில் கேட்டேன், இதைச் சரிபார்த்தேன், இது என் சொந்த எழுத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உண்மையை எழுதினால் ஒரு மதிப்பெண்கூடக் குறையாது. முதல்வர் வாங்கி மேஜைக்குள் வைத்து, "பாத்துக்கலாம்" என்றார். சுற்றறிக்கை வரவில்லை. நான் வகுப்பில் வாயால் சொல்லிவிட்டேன். "உண்மைய எழுதுங்கத்தா, ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு."

உங்கள் மச்சான் மவுத்தான பிறகு இந்தச் சம்பளம்தான் எனக்கு. அதுவும் ஜூனுக்கு ஜூன் புதுப்பிக்கிற தற்காலிக வேலை. கொடுத்ததைச் செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை
பாஸிலா


ஷார்ஜா
2.10.2025

பாஸிலாவுக்கு அண்ணனின் ஸலாமும் துஆவும். முதுகு வலிக்கத்தான் செய்கிறது. வலிக்காவிட்டால் எங்கே போய்விட்டது என்று தேடுவேன் போலிருக்கிறது. உன் காய்ச்சல் விட்டதா? வெயிலில் தலையில் துணி போடாமல் பஸ்ஸுக்கு நிற்காதே.

பொறுப்பாளர் அம்மாவுக்கு வாழ்த்துகள். சின்ன வயதில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவள் இன்றைக்குக் காப்பியடிப்பதற்குச் சட்டம் போடுகிறாய். இங்கே கிடங்கிலும் அதுதான். எங்கள் மேனேஜர் ஒரு வரி இங்கிலீஷ் மெயிலுக்கும் ஏஐயைக் கேட்கிறார். "Ok" என்று பதில் போடுவதற்குக்கூடக் கேட்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

அஃப்சானாவின் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்.எஸ். ரோட்டில் ஆடிட்டர் அக்பர் அலி, பி.காம். முடித்த கையோடு ஜூனில் தன் அலுவலகத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவள் ஒரு வேலையில் உட்கார்ந்துவிட்டால் நான் இந்த ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவேன். களைத்துவிட்டேன் பாஸி. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவளைக் கவனமாகப் பார்த்துக்கொள். உன்னை நம்பித்தான் விட்டிருக்கிறேன்.

இஷாக்


திண்டுக்கல்
9.12.2025

அண்ணனுக்கு ஸலாம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். செமஸ்டர் தேர்வு, விடைத்தாள் திருத்தல், அங்கீகாரக் குழு வருகிறதென்று பழைய கோப்புகளுக்குப் புது அட்டை. மூட்டுவலி மட்டும் விடாமல் கூடவே வருகிறது. அஃப்சானா நன்றாக இருக்கிறாள். சோற்றுக்கு வெஞ்சனம் பிடிக்காவிட்டால் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அது உங்கள் வம்சம்.

என் அரைப் பக்கச் சட்டம் நடந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலானவர்கள் முதல் தாளில் "எந்தக் கருவியும் பயன்படுத்தவில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு, உள்ளே எங்கள் துறைத்தலைவருக்கே புரியாத இங்கிலீஷை வைக்கிறார்கள். ஒரு சிலர்தான் உண்மையை எழுதுகிறார்கள். வேடசந்தூரிலிருந்து வருகிற மணிமேகலை அதில் ஒருத்தி. அவள் அம்மா நூல் மில்லில் வேலை பார்க்கிறார். "பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்டது. பாதி புரிந்தது. புரியாத பாதியை எழுதவில்லை" என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

உங்கள் மகள் தோல் மண்டிகளின் நடைமுறை மூலதனம் பற்றி எழுதினாள். ஏஐ ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி, தோலுக்குப் போடுகிற உப்புச் செலவு இவ்வளவு என்று கணக்குக் கொடுத்திருக்கிறது. அப்படி ஒரு புத்தகமே இல்லை. அவளே பக்ருதீன் பாய் மண்டிக்குப் போய்க் கேட்டுத் திருத்தியிருக்கிறாள். முதல் தாளில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். ஏஐ சொன்னது, பாய் சொன்னது, தனக்கு இன்னும் விளங்காதது. இத்தனை வருஷம் பாடம் நடத்தியதற்கு ஒரு பலன் பார்த்த மாதிரி இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸிலா


ஷார்ஜா
3.1.2026

பாஸிக்கு ஸலாம். மூட்டுக்குத் தைலம் ஒருத்தர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், வாங்கிக்கொள்.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து அறையில் எல்லோரிடமும் என் மகள் மண்டிக்குப் போன கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களே திரும்பக் கேட்டு அலுத்துப்போய்விட்டார்கள்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மே மாதக் கடைசியில் விசா முடிகிறது. என் இடத்துக்கு ஒரு கேரளாப் பையனையும் எடுத்துவிட்டார்கள். இனிமேல் நினைத்தாலும் திரும்ப முடியாது. ஏப்ரலில் அவள் பரீட்சை, ஜூனில் அவள் வேலை, நடுவில் நான் வீடு. உன் மதினி அஜீஸுன்னிசாவிடம் சொன்னேன். நம்பாமல் சிரிக்கிறாள்.

அல்லாஹ் உங்கள் இரண்டு பேரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

அண்ணன்


திண்டுக்கல்
1.3.2026

அண்ணனுக்கு ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. தைலம் வந்தது. அஃப்சானா ஒரு நோன்பும் விடவில்லை.

ஒரு சின்னச் சிக்கல். வேறு யாராவது சொல்லிக் கேட்டுப் பதறாமல் இருக்க நானே எழுதிவிடுகிறேன். எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் மூக்கையாவுக்கு ஒரு பழக்கம். மாணவி கையெழுத்துப் போட்டு எதை எழுதித் தந்தாலும் மன்னிப்புக் கடிதக் கோப்பில் வைத்துவிடுவார். தாமதமாக வந்தாலும் மன்னிப்புக் கடிதம்தான், பஸ் வராததும் மன்னிப்புக் கடிதம்தான். ஒப்படைப்புகளைக் கட்டிவைக்க அனுப்பியபோது, உண்மையை எழுதிய பிள்ளைகளின் முதல் தாளை எல்லாம் பிரித்து எடுத்து அதில் வைத்துவிட்டார். மூன்று மன்னிப்புக் கடிதம் சேர்ந்தால் ஒழுங்கு நடவடிக்கை. அது முடியும்வரை ஹால் டிக்கெட் தர மாட்டார்கள். அஃப்சானாவின் பெயரிலும் மூன்று இருக்கிறது.

பயன்படுத்தவே இல்லை என்று எழுதியவர்கள் பெயரில் ஒன்றும் இல்லை. அவர்கள் தவறே செய்யவில்லையாம்.

மூக்கையாவிடம் கேட்டேன். "ஏங்க மேடம், புள்ள கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தா அது மன்னிப்புக் கடிதம்தான? வேற என்ன ஃபைலு இருக்கு நம்மகிட்ட?" என்கிறார். மனுஷர் கெட்டவர் இல்லை.

முதல்வர் கூப்பிட்டார், அவர் அறையில் பேசினோம். சரியாகிவிடும். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

பாஸிலா


ஷார்ஜா
2.3.2026

பாஸிலா, ஸலாம்.

"பேசினோம்" என்று எழுதியிருக்கிறாய். என்ன பேசினாய்? எழுதச் சொன்னது நீ. பொறுப்பு என்று சொன்னதும் நீ. அதை முதல்வரிடம் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் முடிகிற காரியம். அப்புறம் ஏன் இன்னும் இழுத்துக்கொண்டு இருக்கிறது?

நான் இங்கே எழுதிக் கொடுத்தாயிற்று என்பது உனக்குத் தெரியும். இந்தப் பரீட்சை போனால் அக்பர் அலி அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வார். அவள் வீட்டில், நானும் வீட்டில். எதை வைத்துச் சாப்பிடுவது? நோன்பு வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது. ஆனால் வருகிறதே.

உடனே பதில் போடு.

இஷாக்


ஷார்ஜா
9.3.2026

பாஸி, ஒரு வாரமாகப் பதில் இல்லை. போன் அடித்தால் அஃப்சானா எடுத்து, மாமி தொழுகிறார்கள் என்கிறாள். எந்நேரம் அடித்தாலுமா? உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதையாவது எழுது.

அண்ணன்


திண்டுக்கல்
14.3.2026

என் பிரியமுள்ள அத்தாவுக்கு, உங்கள் மகள் அஃப்சானா ஸலாம் சொல்லி எழுதுகிறேன். விடிகாலைச் சஹருக்கு வெறும் பேரீச்சம்பழத்தோடு முடித்துக்கொள்கிறீர்களாம், அம்மா சொன்னார்கள். சோறு சாப்பிடுங்கள். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது.

மாமிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கு எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். மாமியிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள்.

அன்றைக்கு முதல்வர் அறையில், உண்மையை எழுதிய எங்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். துறைத்தலைவர், மூக்கையா சார், மாமி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். "இப்படியெல்லாம் எழுதித் தரச் சொன்னது யாரு?" என்று முதல்வர் கேட்டார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. மாமி சொல்வார்கள் என்று நினைத்தோம். மாமி மேஜையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர் மறுபடி கேட்டார். அப்போதும் மாமி நிமிரவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, அத்தா. ஹால் டிக்கெட்டுக்காக இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி போதுமா, சட்னிக்குப் புளி வேண்டுமா என்று. மாமி எனக்கு எல்லாம் செய்கிறார்கள். முன்னைவிட அதிகமாகவே செய்கிறார்கள்.

இப்போது துறைத்தலைவர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். புதிதாக ஒரு தாள் எழுதித் தர வேண்டும். "நான் எந்தக் கருவியும் பயன்படுத்தவில்லை. முன்பு எழுதியவை தவறுதலாக எழுதப்பட்டவை. அவ்வாறு எழுதும்படி என்னிடம் எவரும் கூறவில்லை." இந்த மூன்று வரி. கொடுத்தால் பழையதைக் கிழித்துவிட்டு ஹால் டிக்கெட் தருவார்கள். நேற்று நோன்பு திறந்த பிறகு மாமி பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "எழுதிக் குடுத்துருத்தா" என்றார்கள்.

நான் என்ன செய்ய?

உங்கள் மகள்
அஃப்சானா


ஷார்ஜா
15.3.2026

அன்பு மகள் அஃப்சானாவுக்கு அத்தாவின் துஆ. சோறு சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

உன் மாமி மேல் கோபப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கே தாங்க முடியாத கோபம். தூர தேசத்தில் இருக்கிறவன் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

எழுதிக் கொடுத்துவிடு. பொய்தான். தெரிந்துதான் சொல்கிறேன். உண்மையை எழுது என்று சொல்ல வேண்டிய அத்தாவே இப்படிச் சொல்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பரீட்சையை நீ எழுதியாக வேண்டும். வாங்கிக்கொண்டு படிக்கிற வேலையைப் பார்.

அத்தா


வத்தலக்குண்டு
24.3.2026

அத்தாவுக்கு ஸலாம். பெருநாளுக்கு அம்மாவிடம் வந்திருக்கிறேன். படுக்கையில் கிடக்கிற நன்னாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அம்மா உங்களுக்கென்று வட்டலப்பம் எடுத்து வைத்து, அப்புறம் நினைவு வந்து எனக்கே கொடுத்தார்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹால் டிக்கெட் வந்துவிட்டது. இனிமேல் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதற்காக மட்டும் நான் எழுதவில்லை. அலுவலகத்தில் தாளை வைத்துக்கொண்டு கடைசி வரியில் நின்றுவிட்டேன். முதல் இரண்டு பொய்யும் என்னைப் பற்றியது, போகட்டும். எவரும் கூறவில்லை என்று எப்படி எழுதுவது? மணிமேகலை பக்கத்தில் இருந்தாள். அவள் எழுதி முடித்துவிட்டாள். "எழுதுடி. நாம மேடம் பேரச் சொல்லிட்டா அவங்களுக்கு வேலை போயிரும்டி. வீட்டுக்காரரும் இல்லாதவங்க, பாவம்" என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. எல்லோருமே மாமிக்காகத்தான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நானும் எழுதினேன்.

இதை மாமியிடம் சொல்லிவிடாதீர்கள். தாங்க மாட்டார்கள்.

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

அஃப்சானா


ஷார்ஜா
29.3.2026

பாஸிலாவுக்கு, பெருநாள் ஸலாம் பிந்திச் சொல்கிறேன். நீ நலமா? நான் நலம்தான்.

அஃப்சானா எனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். முதல்வர் அறையில் நடந்ததும் தெரியும். அதைப் பற்றி உன்னிடம் கேட்கப்போவதில்லை. வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கும் தெரியாத விஷயமில்லை.

ஆனால் உனக்கு ஒன்று தெரியாது. "எவரும் கூறவில்லை" என்ற வரியை அந்தப் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டுக்காக எழுதினார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். உன் வேலை போய்விடக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். எல்லோரும். மில்லுக்குப் போகிற அம்மாவுடைய மகள்கூட உன்னைப் பார்த்துப் பாவம் என்கிறாள். நானும் என் மகளைப் பொய் எழுதச் சொன்னவன்தான். உன்னைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

சொல்லாதீர்கள் என்று அஃப்சானா கேட்டுக்கொண்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ எதையும் செய் என்று நான் சொல்லவில்லை பாஸி. தெரிந்துகொண்டு இரு, அவ்வளவுதான்.

அண்ணன்


திண்டுக்கல்
12.4.2026

அண்ணனுக்கு ஸலாம். இத்தனை நாள் எழுதாததற்கு என்ன காரணம் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும். மூட்டு வலிக்கிறது, மற்றபடி இருக்கிறேன். நீங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டீர்களா?

உங்கள் மெயிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வகுப்பில் அந்தப் பிள்ளைகள் எப்போதும்போல "குட்மார்னிங் மேம்" என்கிறார்கள். ஒருத்தி என் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறாள். அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். எழுதச் சொன்னது நான், மதிப்பெண் குறையாது என்று வாக்குக் கொடுத்தது நான், அன்றைக்கு நீங்கள் கேட்டபோது வேலைக்குப் பயந்து பேசாமல் இருந்ததும் நான் என்று. முதல்வர் படித்துவிட்டு என்னிடமே நீட்டினார். "எல்லாம் அடங்கிப்போச்சு மேடம். ஹால் டிக்கெட்டும் குடுத்தாச்சு. இப்பப் போய் ஏன் கிளறுறீங்க?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவரும் களைத்துப்போன மனுஷர்தான்.

நான் வாங்கவில்லை. பிள்ளைகள் கடைசியாக எழுதிய தாள்களைத் திருப்பித் தந்தால் போகிறேன் என்று நின்றேன். பிறகு மணியடித்து மூக்கையாவைக் கூப்பிட்டார். நான் தாள்களோடு வெளியே வரும்போது, "ஜூன்ல அவர்ஸ் இருக்கான்னு பாக்கணும் மேடம்" என்றார். பாடவேளை இல்லையென்றால் ஆளும் தேவையில்லை. அதற்கு என்ன அர்த்தமென்று எங்கள் ஊரில் பியூனுக்கும் தெரியும்.

என் அரைப் பக்கச் சட்டமும் போய்விட்டது. இனி எவரும் எந்தக் கருவியும் பயன்படுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. அந்தச் சுற்றறிக்கையை எழுதியது யார், அல்லது எது, என்று அதன் நடையைப் பார்த்தாலே தெரிகிறது. இனிமேல் ஒருத்தரும் உண்மையை எழுத மாட்டார்கள். அதை நினைத்தால்தான் ஆயாசமாக இருக்கிறது.

முதல் பரீட்சை அன்று ஹாலுக்கு வெளியே நின்று ஒவ்வொருத்தியிடமும் அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "நான்தான் சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டேன்த்தா. இது உங்களுக்கு வேண்டாம்" என்றேன். மணிமேகலை, "எதுக்கு மேம் இதெல்லாம், நாங்க மறந்தே போய்ட்டோம்" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அஃப்சானா கடைசியாக வந்தாள். வாங்கி, தான் எழுதியதையே புதிதாகப் படிப்பதுபோலப் படித்தாள். நாலாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்தாள். "மாமி, பேனா இருந்தாக் குடுங்க. என்னோடது திக்குது" என்றாள். ஒரு மாதமாகச் சோறு, குழம்பு தவிர அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான். கொடுத்தேன். அவள் உள்ளே போன பிறகு அந்தத் தாழ்வாரத்திலேயே நின்று அழுதேன் அண்ணே. பார்த்தவர்கள் வெயிலுக்கு மயக்கம் வந்துவிட்டதென்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சாயங்காலம் வீட்டில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு பேசினோம். ரொம்ப நேரம் பேசினோம். குழம்பு தீய்ந்துபோனதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஜூனில் எனக்கு வேலை இருக்காது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் அவளால் எழுத முடியாமல் போய்விடும். இன்னும் பரீட்சைகள் பாக்கி இருக்கின்றன. சொல்லாதே என்றால் சொல்லிவிடுகிற ஆள் நீங்கள், அதற்காக உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் இதை மட்டும் கடைசிப் பரீட்சை முடியும்வரை வாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன். அவள் கண்ணைப் பார்த்துச் சொல்வேன்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

தங்கை
பாஸிலா